தூண்டிலில் எதைக் கோர்ப்பது?



ரிங்லெட் பக்கமிருந்து ஒரு தாயார் மடல் எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் தொழிலாளி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மடலின் சாரம் இதுதான்:

"வாத்தியாரையா, என் மகன் படிவம் மூன்று படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கம்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிடுகிறான். போன மாதம் ரப்பர் தவளை, பிளாஸ்டிக் மீன் என்று அறுபது வெள்ளிக்கு வாங்கி வந்தான். பிடித்து வந்தது ஒன்றுமில்லை. அணைக்குக் கீழே நிற்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மீன் பிடிக்கப் போகாதே என்று நீங்கள் பத்திரிகையில் எழுதினால் அவன் கேட்பான்."

அம்மா, நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். தூண்டில் பிடித்த கை இது. போகாதே என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கம்பும் கையுமாக ஆற்றோரம் உட்கார்ந்திருக்கிற பையன் அன்றைக்கு வேறெங்கும் போய்க் கெடுவதில்லை. ஆனால் அறுபது வெள்ளியைப் பற்றியும் அணையைப் பற்றியும் நீங்கள் கவலைப்படுவது நியாயம். முதலில் அறுபது வெள்ளியைப் பார்ப்போம். அணையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைய பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்ப்பதெல்லாம் 'பாஸ்' மீன் பிடிக்கும் படங்கள். பாஸ் என்ற ஒரே பெயரில் பல மீன்கள் உண்டு. அமெரிக்க ஏரிகளில் வாழும் பெரிய வாய் பாஸ் ஒன்று. அமேசான் ஆற்று மீனாகிய மயில் பாஸ் இன்னொன்று. வாலருகே மயில் தோகைக் கண் போல ஒரு வட்டம் இருப்பதால் அந்தப் பெயர். யாரோ கொண்டுவந்து விட்டு, இன்று பேராக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் அது பெருகிக் கிடக்கிறது. மூன்றாவது நம் கொடுவா. மலாய்க்காரர்கள் சியாக்காப் என்பார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் பாஸ் என்றுதான் பெயர். கட்டணக் குளங்களில் உயிருள்ள இறாலைக் கோர்த்துப் பிடிக்கிறார்கள். இவை மூன்றும் நம் மலை ஓடையில் தேட வேண்டிய மீன்கள் அல்ல. மயில் பாஸ் சூட்டில் வாழும் மீன். நாம் கம்பளிச் சட்டை போடும் இடத்தில் அதற்கு என்ன வேலை? தம்பி வாங்கிய ரப்பர் தவளை நல்ல தவளையாகவே இருக்கலாம். போட்ட தண்ணீர்தான் அதற்கு உரியது இல்லை.

பொய் இரை எப்படி மீனை ஏமாற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும். வேட்டையாடும் மீனுக்கு அழகு தெரியாது. அது பார்ப்பது மினுக்கத்தையும் அசைவையும். தலையிலிருந்து வால் வரை அதன் விலாவில் ஒரு கோடு ஓடுகிறதல்லவா? தண்ணீரின் அதிர்வை உணர்வது அந்தக் கோட்டால்தான். பின்லாந்து நாட்டில் லவுரி ரபாலா என்ற மீனவர், காயம்பட்டுச் சாய்ந்து நீந்தும் குட்டி மீனைத்தான் பெரிய மீன் பாய்ந்து கவ்வுகிறது என்று கவனித்தார். 1936இல் தக்கையைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுக்குத் தாளை அதன்மேல் ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, அதேபோலச் சாய்ந்து நீந்தும் ஒரு மரமீனைச் செய்தார். இன்று உலகமெங்கும் கடைகளில் அவர் பெயரில் விற்கும் மீன்களுக்கு மூதாதை அதுதான். சமையலறைக் குப்பையில் கிடைக்கிற சாமான்!

இன்னொரு கதையும் உண்டு. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாய வாலிபர் 22 ராத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். அவரும் நண்பரும் இருவருக்குமாக வைத்திருந்தது ஒரே ஒரு மரமீன்தான் என்று சொல்வார்கள். பஞ்ச காலம். உலகச் சாதனை மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்! அந்தச் சாதனையை எட்ட 77 ஆண்டுகள் ஆயின. 2009 ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் ஏறக்குறைய அதே எடைக்கு ஒரு பாஸைப் பிடித்தார். அவர் கோர்த்தது உயிருள்ள சிறு மீன். ஒருவர் மரத்தைக் கட்டினார், ஒருவர் மீனைக் கட்டினார், எடை ஒன்றுதான்.

சரி, நம் பஹாங்கில் பாஸுக்கு ஈடான மீன் உண்டா என்றால், உண்டு. செபாராவ். உடம்பின் நடுவே கறுப்புப் பட்டை, சிவந்த வால், அதன் இரு ஓரத்திலும் கறுப்புக் கரை. கெண்டை இனம்தான், ஆனால் குணம் வேட்டைக்காரன் குணம். மலையிலிருந்து இறங்கிப் போகும் தெலோம், அதற்குக் கீழே லிப்பிஸ் பக்கத்து ஜெலாய் போன்ற ஆறுகளில் தேட வேண்டும். ஓடுகிற வெள்ளம் பாறை தாண்டி மடுவில் விழுகிறதே, அந்த வாசலில் அது காத்திருக்கும். வெள்ளத்தோடு தடுமாறி வரும் செலுவாங் குஞ்சுகள்தாம் அதன் சாப்பாடு. ஆகவே விரல் நீளத்தில் மினுங்கிக்கொண்டு ஓடுகிற எதையும் அது விடாது. விடிந்த இரண்டு மணி நேரமும் பொழுது சாயும் நேரமும் நல்லது. உச்சி வெயிலில் உட்கார்ந்திருப்பவன் கொசுவுக்கு இரை.

இந்த மீனுக்கு நான் நம்புவது கரண்டி. ஆமாம், ஸ்பூன் என்று கடையில் விற்கும் அதே தகடு. அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் ஏரியில் தேக்கரண்டியைத் தவறவிட்டாராம்; அது மினுங்கி மினுங்கி அமிழும்போது ஒரு மீன் வந்து கவ்வியதைப் பார்த்து இந்த யோசனை பிறந்ததாம். கதை மெய்யோ பொய்யோ, 1852இல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது மெய். தம்பி, வீட்டில் கைப்பிடி வளைந்த பழைய தேக்கரண்டி இருந்தால் அம்மாவைக் கேட்டு எடுத்துக்கொள். (கேட்டு எடு. என் வீட்டில் கேட்காமல் எடுத்த கரண்டிக்கு நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.) கைப்பிடியை அறுத்துவிட்டு, வெட்டிய இடத்தை அரத்தால் தேய்த்து மழுக்கி, இரு முனையிலும் ஒவ்வொரு துளை போட்டு, ஒன்றில் தங்கூஸ் கயிறும் மற்றதில் முள்ளும் வர வளையம் மாட்ட வேண்டும். துளை போடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி நிறம், கலங்கலுக்குச் செம்பு நிறம். வெள்ளத்துக்குக் குறுக்கே எறிந்து, நிதானமாக இழுத்து, நடுவில் ஒரு கணம் விட்டு, மறுபடி இழு. அந்த விடுகிற கணத்தில்தான் பெரும்பாலும் அடிக்கும். மூன்று கொக்கி முள்ளை விட ஒற்றை முள் நல்லது. பாறையிலும் குறைவாக மாட்டும், கையிலும் குறைவாகக் குத்தும்.

கரண்டி இல்லாவிட்டால் உயிருள்ள செலுவாங். அயிரையை இட்டு விராலை இழுப்பது என்று நம் முன்னோர் பழமொழியாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். சின்ன இலாபத்தை விட்டுப் பெரிய இலாபத்தைப் பிடிக்கும் வியாபாரியைப் பற்றி அதைச் சொல்வார்கள் என்றாலும், முதலில் சொன்னவன் குளத்தங்கரையில் நின்றவனாகத்தான் இருக்க வேண்டும்.

விரால் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாருவான் என்று பசாரில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான் விரால். பிரசவமான பெண்ணுக்கும் அறுவை செய்தவருக்கும் புண் ஆற அதைச் சமைத்துக் கொடுப்பது இந்த நாட்டில் மூவினத்து வீடுகளிலும் உள்ள வழக்கம். அந்த மீனின் கொழுப்புச் சத்தைப் பிரித்துப் பார்த்து, புண் ஆற்றும் குணத்தோடு தொடர்புபடுத்தி ஆய்வாளர்கள் 1994இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கீழே தாப்பா, பீடோர் பக்கத்து வாய்க்காலும் குட்டையும் அதன் இருப்பிடம். தம்பியின் ரப்பர் தவளைக்கு உரிய மீன் இதுதான். தாமரை இலை, புல் மறைவுகளுக்கு மேலே தத்தித் தத்தி இழுத்தால் கீழிருந்து தண்ணீர் வெடிக்கும். ஆனால் ஒன்று. தண்ணீர் மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கொத்தாக மிதந்தால் அங்கே போடாதே. தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். பசிக்காக அல்லாமல், குஞ்சைக் காக்க எதை வேண்டுமானாலும் பாய்ந்து கடிக்கும். அப்போது அதைப் பிடிப்பது எளிது. பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்குச் சாப்பாடு.

இனி நமக்குப் பக்கத்திலுள்ள தண்ணீருக்கு வருவோம். தோட்டத்து ஓடை மடுக்களுக்கும் ஏரிக்கரைக்கும் ஒரு காசு செலவில்லாத இரை மண்புழு. மாட்டுக் கொட்டகைப் பின்புறம், வாழை மரத்தடி, சமையல் கழிவு மக்கும் குழி, இங்கெல்லாம் ஒரு பிடி மண்ணைப் புரட்டினால் போதும். மருந்தடித்த சரிவில் தோண்ட வேண்டாம். பால் டின்னில் ஈர மண்ணும் மக்கிய இலையும் போட்டு, மூடியில் துளையிட்டு, நிழலில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். எல்லோரும் செய்யும் தவறு, புழுவை முள் முழுதும் சுற்றிக் கொழுக்கட்டை மாதிரி ஆக்குவது. அது செத்த புழு. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் குத்தி, வால் அரை விரல் நீளம் தொங்கி நெளிய வேண்டும். முள் சின்னதாக இருக்கட்டும். எண் கூடக் கூட முள் சின்னது. கடையில் 8ஆம் எண் என்று கேட்டால் தீலாப்பியாவின் வாய்க்குச் சரியாக இருக்கும். ஈயக்குண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. தக்கையை ஒரே இடத்தில் கட்டிவைக்காமல், மீன் கடிக்கும் ஆழம் தெரியும் வரை ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்திப் பார்க்க வேண்டும். இதைச் செய்கிற பொறுமை இருந்தால் அறுபது வெள்ளி வேண்டாம்.

புழு கிடைக்காத வெயில் நாளில் மாவு. பழைய ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு பிடி தவிடு, சுண்டைக்காயளவு பெலாச்சான் சேர்த்துப் பிசைவது என் வழக்கம். மாவு தண்ணீரில் கரைந்து போகிறது என்பவர்கள் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து உடன் பிசைந்து பாருங்கள். நார் போலப் பிடித்துக்கொள்ளும். கெலிக்குக் கோழிக்குடல் அல்லது ஈரல், நூலால் முள்ளோடு கட்டி, இருட்டும் நேரத்தில் தரையோடு கிடக்கும்படி. அது மீசையால் மணம் பிடித்து வரும் மீன். மினுக்கம் அதற்கு எதற்கு? எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காள தேசத்து நண்பர் ஒருவர், அவர்கள் ஊரில் முசுறு எறும்பின் முட்டையை மாவோடு சேர்த்துக் கோர்ப்பார்கள் என்றார். கீழ்நாட்டில் மாமரம் உள்ள வீடுகளில் முயன்று பார்க்கலாம். எறும்புக் கடிக்கு நான் பொறுப்பில்லை.

கெலாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மலைக்காரர்கள் கோபிப்பார்கள். பெரிய செதில், பொன் நிறம், ஆற்றுக்கே அரசன். அதன் சிறிய உறவினன் போன்ற தெங்காஸ், குளிர்ந்த தெளிந்த ஓடையில் வாழ்கிறது. இந்த இனம் கரையோர மரத்திலிருந்து விழும் பழத்துக்குப் பழகிய இனம். ஆகவேதான் பஹாங்கில் செம்பனைப் பழத்தைக் கோர்த்துக் கெலா பிடிக்கிறார்கள். நம் காவிரியிலும் இதே இனத்து மீன் உண்டு. அங்கே ஆற்றோரத்து ஆட்கள் கேழ்வரகு மாவை உருட்டி வேகவைத்து முள்ளில் பொதிந்து போடுவார்கள். காவிரியில் சேரும் கபினி ஆற்றில் 1946இல் 120 ராத்தல் எடைக்கு ஒன்று பிடிபட்டது. மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழில் செய்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்தது அது. ஒரு நாட்டில் களி, ஒரு நாட்டில் செம்பனை! அந்த ஆற்றங்கரையில் மனிதன் எதை விளைவித்துச் சிந்துகிறானோ அதற்கு மீன் பழகிவிடுகிறது. கெலா மெதுவாக வளரும் மீன். இப்போது அருகிவிட்டதால் தாமான் நெகாராவின் லுபுக் தெனோரில் பிடிக்காமல் தீனி மட்டும் போட்டுப் பார்க்கும்படி காப்பிடம் வைத்திருக்கிறார்கள். கையளவுக் கெலா மாட்டினால் திரும்ப விட்டுவிடுவது மரியாதை.

மீந்த இரையைப் பற்றி ஒரு சொல். கடையில் வாங்கிய உயிர் மீனோ, வேறு குட்டையிலிருந்து கொண்டுவந்த குஞ்சோ மிஞ்சினால், பாவம் என்று ஓடையில் ஊற்றிவிடாதீர்கள். மயில் பாஸ் ஈயக் குட்டைக்கு வந்தது இந்த மாதிரி இரக்கத்தாலும் ஆசையாலும்தான். ஜப்பானில் அந்தச் சாதனை மீன் பிடித்தார்களே, அங்கே அது வேற்று நாட்டு மீன். ஏரியின் சொந்த மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று 2005இல் நாடு முழுதும் அதைக் கொண்டுபோய் விடத் தடைச் சட்டம் போட்டார்கள். பிடித்து என்ன, விட்டது விட்டதுதான்.

இரையே வேண்டாம், தூபா வேரை இடித்துக் கலக்கினால் போதும், மருந்து டப்பாவைக் கழுவி ஊற்றினால் போதும், பேட்டரிக் கம்பியை விட்டால் போதும் என்று சொல்லும் அண்ணன்மார்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவராவது உண்டு. விஷம், மின்சாரம், வெடி மூன்றையும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். அந்த ஓடைக்குக் கீழே யாருடைய வீட்டுக் குழாய் தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு தடவை நடந்து போய்ப் பார்த்து வாருங்கள்.

இப்போது அணை.

நான் பன்னிரண்டு வயதில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் வெயில். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. திடீரென்று தக்கையைச் சுற்றிக் காய்ந்த இலைகள் வந்தன. தண்ணீர் தேநீர் நிறமானது. மீன் வரும் என்று சந்தோஷப்பட்டேன். என் தகப்பனார் கரையிலிருந்து போட்ட கூச்சலில் கம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது பாறை இல்லை. மழை பெய்தது எங்களுக்கு மேலே எங்கோ ஒரு மலையில். அது வெறும் ஓடை.

ரிங்லெட்டில் இருப்பது ஓடையல்ல. பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963இல் எழுப்பிய சுல்தான் அபு பாக்கார் அணை. அதில் தேங்கும் தண்ணீரை மலைக்கு ஊடே சுரங்கக் குழாய் வழியாகப் பேராக் பக்கம் ஜோர் மின் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதனால்தான் அணைக்குக் கீழே ஆறு சாதுவாக, கல்லும் மடுவுமாகத் தெரிகிறது. தம்பியைப் போன்றவர்களை இழுப்பது அந்தச் சாதுத்தனம்தான். தோட்டங்களிலிருந்து இறங்கும் மண் ஏரியின் பெரும் பகுதியைத் தூர்த்துவிட்டதால், பெருமழையைத் தாங்கிவைக்க இடம் குறைவு. மழை மிஞ்சினால் மதகைத் திறக்க வேண்டியிருக்கிறது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் விடியுமுன் அப்படித் திறந்த தண்ணீர் பெர்த்தாம் வேலியில் வீடுகளையும் வாகனங்களையும் அடித்துக்கொண்டு போனதையும், உயிர் போனதையும் நம்மில் மறந்தவர் யார்? வீட்டுக்குள் படுத்திருந்தவர்களுக்கே அந்த கதி. ஆற்றின் நடுக்கல்லில் கம்போடு நிற்பவனுக்கு எத்தனை நிமிடம் இருக்கும்?

ஆகவே தம்பி, இது உன் அம்மா சொல்லி நான் எழுதுவதல்ல, நானே எழுதுவது. அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் இறங்காதே, வெயில் அடித்தாலும் இறங்காதே. அபாயச் சங்கு கேட்டால் கம்பு, பை, பிடித்த மீன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டை நோக்கி ஏறு. கரையோரமாக ஆற்றோடு ஓடாதே. சங்கு கேட்காவிட்டாலும் இலை வந்தால், நிறம் மாறினால், இரைச்சல் மாறினால் ஏறு. ஏரிக்கரையில் உட்காருவதானால் கெட்டித் தரையிலோ கல்லிலோ உட்கார். வண்டல் மேடு காய்ந்த தரை போலத் தோன்றும், கால் வைத்தால் இறங்கும். தனியாகப் போகாதே. எந்த மடுவுக்குப் போகிறாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

அம்மாவுக்கு: அடுத்த ஞாயிறு பையனை உங்கள் தோட்டத்து ஓடை மடுவுக்கு அனுப்புங்கள், முடிந்தால் அவன் அப்பாவையும் கூட. மேலே காய்கறித் தோட்டத்தில் மருந்தடித்து மழை பெய்த மறுநாளாக இருந்தால் வேண்டாம். அந்த மீன் சட்டிக்கு ஆகாது. புழுவில் மாட்டும் தீலாப்பியாவில் சேற்று வாடை இருந்தால், அரிசி களைந்த தண்ணீரில் உப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டுக் குழம்பு வையுங்கள். ரப்பர் தவளையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். தீபாவளி விடுமுறைக்குக் கீழே உறவினர் வீட்டுக்குப் போகும்போது பையில் போட்டு அனுப்புங்கள். அங்கே விரால் அதற்காகக் காத்திருக்கும்.